"பன்னண்டு மணித்தியாலம்தான் அம்மா"

டிக்கட் வாங்கிய கடையில் இருந்தவர் பேப்பரை எங்கள் பக்கம் திருப்பி, பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். "கட்டுநாயக்க எயார்போட்டுல ராத்திரி 9.50-க்கு ஏறுறீங்க. டொரன்டோவுல அடுத்த நாள் காலையில 9.30-க்கு எறங்குறீங்க. பன்னண்டு மணித்தியாலம்தான் அம்மா. ஒரு தூக்கம் போட்டா முடிஞ்சிரும்."

அம்மா நிம்மதியாகத் தலையாட்டினார். எங்கள் ஊர் பொகவந்தலாவையிலிருந்து கதிர்காமத்துக்கு வாடகை பஸ்ஸில் போய், வழியில் டயர் வெடித்து, பன்னிரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தே போனவர் அவர். அதற்கு மேலும் ஒரு பயணம் நீளும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த நானும் தலையாட்டினேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இது 2023 ஆகஸ்ட் கதை. டொரன்டோவில் இருக்கும் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. அம்மாவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், தனியாகப் போகப் பயம். நான் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கூடப் போனேன். வீசா எடுத்தது தனிக் கதை, அதை விடுவோம்.

டிக்கட் எடுத்த அன்று ராத்திரி எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "இங்க இப்பதான் காலைல பத்தரை, பிள்ளைக்குக் குளிக்க வாக்கப் போறேன்" என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டிக்கட்டில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஏறும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் கனடா நேரம். இரண்டையும் நேரே கழித்தால் வருவது பயண நேரம் அல்ல, ஒன்றுக்கும் உதவாத ஓர் எண்.

கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். நம் நேரம் கிரினிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். டொரன்டோ கோடையில் 4 மணித்தியாலம் பின்னால். ஆக வித்தியாசம் ஒன்பதரை. (நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், மார்ச் வரை வித்தியாசம் பத்தரை.) டொரன்டோவில் காலை 9.30 என்றால் நம் வீட்டில் அன்று மாலை 7 மணி. முதல் நாள் இரவு 9.50-லிருந்து மறுநாள் மாலை 7 வரை 21 மணித்தியாலம் 10 நிமிடம். துபாய் வரை 4 மணி 35 நிமிடம், துபாயில் இருப்பு 2 மணி 35 நிமிடம், அங்கிருந்து டொரன்டோவுக்கு 14 மணித்தியாலம். கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பயந்து போகாமல் விடுவாரோ என்று நினைத்தேன். அது அடுத்த பிழை.

இதே இடத்தில் ஆட்கள் தவறி விழும் இன்னொரு குழியும் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்கு அடிக்கடி நடுச்சாம விமானம்தான் கிடைக்கும். டிக்கட்டில் 15-ஆம் திகதி 00.40 என்று போட்டிருந்தால், 14-ஆம் திகதி இரவு எட்டு, ஒன்பது மணிக்கே எயார்போட்டில் நிற்க வேண்டும். எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்ட ஒரு பிள்ளை 15-ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்றது. விமானம் முதல் நாள் இரவே போய்விட்டது. நடுச்சாம டிக்கட் கையில் கிடைத்தால் வீட்டுக் கலண்டரில் முதல் நாளின் மேல் வட்டம் போடுங்கள்.

போவதற்கு முந்தின கிழமை வகுப்பில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "சேர், கனடா எவ்வளவு தூரம்?" எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பூமி உருண்டை இருக்கிறது. தாங்கி உடைந்து, சுண்ணாம்புத் தூள் படிந்து, அலுமாரிக்கு மேல் கிடக்கும். அதை இறக்கித் துடைத்தோம். தையல் பாடத்துக்கு வைத்திருந்த கம்பளி நூலில் ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையைக் கொழும்பின் மேல் ஒரு பிள்ளை விரலால் அழுத்த, மறுமுனையை இன்னொரு பிள்ளை டொரன்டோவில் வைத்தான். சுவர்ப் படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூல் அரேபியா, ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே நேராகப் போக வேண்டும். அவர்களும் முதலில் அப்படித்தான் பிடித்தார்கள். "இப்ப இறுக்கி இழுங்க" என்றேன். இழுக்க இழுக்க நூல் தானாக வழுக்கி மேலே ஏறியது. இந்தியாவுக்கு மேலால் வடக்கே போய், ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலோரமாக கிரீன்லாந்தில் ஏறி, அங்கிருந்து டொரன்டோவில் இறங்கியது. உருண்டையில் நூல் இறுகி நிற்கும் பாதைதான் மிகக் குறுகியது. தட்டையான படத்தில் பார்த்தால் அதுவே பெரிய வளைவு போலத் தெரியும்.

அந்த நூல் வழியில் கட்டுநாயக்கவுக்கும் டொரன்டோவுக்கும் சுமார் 14,000 கிலோமீட்டர். பூமியைச் சுற்றி 40,000 என்பதால் எந்த இரண்டு ஊருக்கும் நடுவில் 20,000-க்கு மேல் இருக்கவே முடியாது. நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் 3,290-உம் 11,080-உம் சேர்ந்து 14,370 வரும். சுற்றிப் போவது போலத் தோன்றினாலும் கூடுவது 370 கிலோமீட்டர்தான் என்றதும் பின் வாங்கில் ஒருவன், "அது ஒன்னுமில்லயே சேர், எங்க வீட்டுக்கு ரோட்டு சுத்திப் போறதே அதவிடக் கூட" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

தூரம் தெரிந்தால் நேரத்தை ஓரளவு நாமே கணிக்கலாம். பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலைத்த பிறகு மணிக்கு 900 கிலோமீட்டருக்குக் கிட்ட ஓடும். ஆனால் ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு உருளவும் நேரம் போகும். அதனால் தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்வேன். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 420 கிலோமீட்டர்: ஒரு மணித்தியாலம். சென்னை 650: ஒன்றேகால். குவைத் 4,100: ஐந்தேகால். மெல்பேர்ன் 8,350: பத்தேகால் தாண்டும். லண்டன் 8,700: பத்தே முக்கால். காற்றுக்கு ஏற்ப அரை மணி, ஒரு மணி முன்பின் ஆகும். இந்தக் கணக்குக்கும் டிக்கட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் டிக்கட்டைத் திரும்பப் படியுங்கள். நடுவில் எங்கோ ஓர் இறக்கம் ஒளிந்திருக்கும், அல்லது நான் செய்ததுபோல நேர வித்தியாசத்தை விட்டிருப்பீர்கள்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்க, எங்களுக்குச் சிக்கல் வந்தது ஆகாயத்தில் அல்ல. எங்கள் பக்கத்து டவுன் ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 150 கிலோமீட்டருக்குள்தான். விமானம் அந்தத் தூரத்தில் ஏறி முடித்திருக்காது. வேனுக்கு 5 மணித்தியாலம். அதாவது ஹட்டனிலிருந்து எயார்போட்டுக்குப் போவதைவிட எயார்போட்டிலிருந்து துபாய்க்குப் போவது சீக்கிரம். மலையகத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில்லை. "எத்தன மணித்தியாலம்?" என்றுதான் கேட்போம். கிலோமீட்டர் இங்கே எதையும் சொல்லாது, மழைதான் சொல்லும்.

காலை பத்து மணிக்குப் பொகவந்தலாவையில் புறப்பட்டோம். நாலரைக்குள் எயார்போட், மூன்று மணித்தியாலம் முன்னால் நிற்க வேண்டுமென்றாலும் 6.50 போதும், கைவசம் இரண்டு மணிக்கு மேல் மிச்சம் என்று போட்டு வைத்திருந்தேன். கினிகத்தேனை தாண்டி, கித்துள்கலைக்கு இறங்கும் வளைவுகளில் வாகனங்கள் வரிசையாக நின்றன. முன்னால் மண்சரிவு. ஒரு மரம் வேரோடு பாதையின் குறுக்கே. மழை நிற்கவில்லை. சாரதித் தம்பி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மெஷின் வரணுமாம் சேர்" என்றான். எந்த மெஷின், எங்கிருந்து, எப்போது என்று அவனுக்கும் தெரியாது. அம்மா பையைத் திறந்து ரொட்டியையும் கட்டச்சம்பலையும் எடுத்து, எனக்கும் சாரதிக்கும் கொடுத்து, முன்னால் நின்ற லொறிக்காரரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். அது துபாயில் சாப்பிட வைத்திருந்த சாப்பாடு. இரண்டே முக்கால் மணித்தியாலம் நின்றோம். அவிசாவளையில் மாலை நெரிசல் வேறு. எயார்போட் வாசலில் இறங்கியபோது மணி 7.40. கவுண்டர் மூட இன்னும் ஒரு மணித்தியாலம்போல இருந்தது, பிழைத்தோம்.

தென்மேல் பருவமழைக் காலத்தில், மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை, அந்தப் பாதையை நம்பி அதே நாளில் புறப்படாதீர்கள். முதல் நாளே இறங்கி வத்தளையிலோ நீர்கொழும்பிலோ சொந்தக்காரர் வீட்டில், இல்லாவிட்டால் சின்ன அறை ஒன்றில் தங்கிவிடுங்கள். அந்த ஒரு இரவுச் செலவை நாங்கள் மிச்சம் பிடித்தோம். பதிலுக்கு யட்டியாந்தோட்டை வரை நான் நகம் கடித்துக்கொண்டு வந்தேன்.

கவுண்டரில் கவனித்துக்கொள்ள வேண்டியவை சில. பெட்டியில் ஒட்டும் துண்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டொரன்டோவுக்கு வை.வை.இசட். அது இருந்தால் பெட்டி நேரே போய்விடும், துபாயில் எடுத்துத் திரும்பப் போட வேண்டியதில்லை. இரண்டு விமானமும் ஒரே டிக்கட்டில் இருப்பது முக்கியம். முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினால், ஒரே டிக்கட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக மலிவில் வாங்கினால் நம் தலையில்தான் விழும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கட் எடுக்கும்போதே பதிந்திருந்தேன். "நான் என்ன நொண்டியா?" என்று கோபித்துக்கொண்டார். மலையில் கூடை சுமந்த காலுக்கு அது அவமானம்தான். ஆனால் துபாயில் இறங்கி, திரும்பவும் சோதனைக்கு நின்று, அடுத்த வாசலுக்குப் போகும் தூரத்தைப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. இரண்டரை மணித்தியாலம் நடுவில் இருந்தும், நாங்கள் வாசலுக்குப் போனபோது ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் நடுவில் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

இரண்டாவது விமானத்தில் அம்மாவுக்கு ஜன்னல். எதிரே உள்ள திரையில் படம், உயரம், வேகம், வெளியே குளிர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பாகை சைபருக்குக் கீழ் 55 என்று வாசித்துச் சொன்னேன். "நுவரெலியா பனி எல்லாம் சும்மாவா அப்ப?" என்றார். அவரை வைத்தே ஒன்று விளங்கியது. விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றின் அழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் வைப்பார்கள். நுவரெலியா 6,100 அடிக்குக் கொஞ்சம் கூட, பிதுருதலாகலை உச்சி 8,281. அதாவது பதினாலு மணித்தியாலம் நுவரெலியாவுக்கும் அந்த உச்சிக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறோம். கொழும்பு ஆட்களுக்குத் தலை பாரமாக இருக்கலாம். அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. காது அடைத்தது மட்டும்தான். "கினிகத்தேனை ஏத்தத்துல அடைக்கிற மாதிரியே இருக்கு" என்று எச்சில் விழுங்கிக்கொண்டார். வறட்சிதான் பொல்லாதது. உள்ளே காற்றில் ஈரம் மிகக் குறைவு, உதடு வெடிக்கும். தேத்தண்ணியை விடத் தண்ணீர் நல்லது என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

திரையில் மணிக்கு 860 என்று காட்டியது. அதே கிழமைதான் மலையகம் 200, அதாவது எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் வந்த வழியை நடந்து பார்ப்பது. சுமார் 250 கிலோமீட்டர், 16 நாள். சிலேட்டு இல்லாமல் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன்: அந்தத் தூரம் இந்த விமானத்துக்கு 17, 18 நிமிடம். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு நடந்து வந்தவங்களுக்கு எங்க போறோம்னே தெரியாது. எனக்கு ஒங்கக்கா வீடு தெரியும்" என்றார்.

கட்டுநாயக்கவில் ஏறிப் பன்னிரண்டாவது மணித்தியாலத்தில் அம்மா எழும்பி, சேலையைச் சரிபண்ணி, செருப்பை மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "வந்துருச்சா தம்பி?" வீட்டு நேரத்தில் வைத்திருந்த தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார், பத்து மணி. திரையில் குட்டி விமானம் கிரீன்லாந்துக்குக் கூட வந்து சேரவில்லை. இன்னும் ஒன்பது மணித்தியாலம் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றினார், கால் வீங்கியிருந்தது. நேரம் சரியாகத் தெரிந்திருந்தால் அவர் முதலிலிருந்தே எழும்பி நடந்திருப்பார், பன்னிரண்டு மணித்தியாலம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார். வயதானவர்களிடம் உண்மையான நேரத்தைச் சொல்லிவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒரு தடவை பின்பக்கம் வரை நடக்க வையுங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்க வையுங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே நரம்பு சுருண்டு கிடக்கும் நம் தாய்மாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

பிரஷர் குளிசையும் அப்படித்தான். பன்னிரண்டு மணித்தியாலம் என்று நம்பிக் கைப்பையில் ஒரே ஒரு வேளைக்கு வைத்திருந்தார், மிச்சம் பெட்டியில், பெட்டி காலுக்குக் கீழே எங்கோ. குளிசை முழுவதும், மருந்துச் சீட்டோடு, கையில் இருக்க வேண்டும். நேரம் மாறும்போது எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள் கேட்காமல் போகவே கூடாது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். டொரன்டோவிலிருந்து துபாய்க்குப் பன்னிரண்டரை மணித்தியாலம்தான். அதே தூரம், போகும்போது பதினாலு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல ஒரு காற்று ஓடுகிறது. மணிக்கு 150, சில இடங்களில் 250 கிலோமீட்டருக்கு மேலும் போகும். மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒதுங்கிச் சுற்ற வேண்டும். கிழக்கே வரும் விமானம் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். திரையில் வேகம் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியது. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலம். அம்மாவுக்கு இதை விளக்கத் தொடங்கியதும் அவரே முடித்து வைத்தார்: "போறப்ப ஏத்தம், வாறப்ப எறக்கம். அவ்வளவுதானே?" பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம்.

போகும்போது 18 மணி 35 நிமிடம் பறந்தோம். வரும்போது 16 மணி 45 நிமிடம். மிச்சம் 1 மணி 50 நிமிடம். அதைத் துபாயில் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தோம். ஆளுக்கு 18,000 ரூபாய் குறைகிறது என்று வரும் டிக்கட்டில் நீண்ட இருப்பு உள்ளதை நான்தான் எடுத்திருந்தேன். காலை 10.55-க்கு இறங்கினோம், அடுத்த விமானம் நடுச்சாமம் 2.45-க்கு. பதினைந்து மணி ஐம்பது நிமிடம். அம்மா சால்வையை விரித்து நாற்காலி வரிசைக்குக் கீழே படுத்துவிட்டார். ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கொடுத்த திர்ஹத்தை ரூபாயாக்கிப் பார்த்தபோது மிச்சம் பிடித்ததில் பாதி போயிருந்தது. டிக்கட் பார்க்கும்போது பறக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள், கதவிலிருந்து கதவுக்கு மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். டொரன்டோவில் ஏறிக் கட்டுநாயக்கவில் இறங்க எங்களுக்கு 32 மணி 35 நிமிடம்.

காலை எட்டரைக்கு இறங்கினோம். அதே சாரதித் தம்பி வந்து நின்றான். அவிசாவளையில் சாப்பிட்டோம். யட்டியாந்தோட்டைக்கு வரும்முன் அம்மா தூங்கிவிட்டார், கித்துள்கல ஆறு, சரிந்த இடத்தில் போட்டிருந்த புது மண், ஒன்றையும் பார்க்கவில்லை. மேலே வளைவுகளில் வேன் இரண்டாம் கியருக்கு மாறி முனகிக்கொண்டு ஏறியது. அம்மா கண்ணைத் திறக்காமலே காதைப் பொத்தி, எச்சில் விழுங்கி, "கினிகத்தேனை வந்துருச்சு போல" என்றார்.